பேரிடர்ப் பணிக்குக் கிளம்பும் கால்நடை மருத்துவர்களுக்கு: எனக்கு யாரும் சொல்லாத விஷயங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு கால்நடை கிளினிக் வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் நாய், பூனை. வாரத்தில் ஓரிரு நாள் ஓமலூர், அயோத்தியாப்பட்டணம் பக்கம் பால் மாடுகளைப் பார்க்கப் போவேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு தன்னார்வலராகக் கிளம்பிப் போனேன். திரும்பி வந்து, அடுத்த கோடை முடியும் வரை நான் சரியாக இல்லை. கைக்காசில் வாங்கிய மருந்து, கிளினிக் மூடிக் கிடந்த காலத்து வாடகை, உதவியாளர் பையனின் சம்பளம், அதற்குள் வேறு டாக்டரிடம் போய்விட்ட வாடிக்கையாளர்கள் என்று எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வலரின் மனநிலை பற்றிப் பேசுகிறவர்கள் வாடகையைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கோ ராத்திரி தூக்கம் கெட்டதில் பாதி அதனால்தான். யாரையும் போகாதீர்கள் என்று தடுக்க இதை எழுதவில்லை. மனத்திடம் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஏற்பாட்டைப் பொறுத்தது. யாரோடு போகிறோம், எப்போது திரும்புகிறோம், வந்த பிறகு யார் நம்மைக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடற்கரை ஊர்களுக்குத்தான் ஆபத்து என்று நாங்கள் இங்கே நிம்மதியாக இருந்தோம். அது வலுவிழந்து உள்ளே வந்து கொட்டிய மழைதான் நம் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர். அங்கே பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போன காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சேலத்தில் திருமணிமுத்தாறு பொங்கியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஒரு தன்னார்வக் குழுவின் வாட்ஸ்அப்பில் "கால்நடை டாக்டர்கள் உடனடியாகத் தேவை" என்று செய்தி வந்ததும் பெயர் கொடுத்தேன். குழுவின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். எங்கள் எல்லோருக்கும் டி-ஷர்ட் அச்சடித்து வைத்திருந்தார்கள், பேனர்கூட இருந்தது. யார் எந்த ஊருக்கு, எத்தனை நாள், திரும்ப வண்டி எப்போது என்பது மட்டும் இல்லை.

முதலில் மலைக்குப் போனோம். பாதை ஓரளவு திறந்ததும் நாகலூருக்கு அப்பால் வண்டியை நிறுத்திவிட்டு, காபித் தோட்டத்துக்குள் நடந்து மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சிலவற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். மின்சாரம் கிடையாது. ஆடுகள் குளிரில் விறைத்துச் செத்திருந்தன. குட்டிகளுக்கு மூச்சு இரைத்தது. ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டாயின் மண் சுவர் இடிந்து ஒரு பசுவின் மேல் விழுந்திருந்தது. இடுப்பு எலும்பு நொறுங்கியிருந்ததால் எழுந்திருக்க வாய்ப்பே இல்லை. கருணைக்கொலைதான் சரி என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். அந்த வீட்டுப் பாட்டி கேட்டாள், "ஊசி போட்டுக் கொன்னா பாவம் யாருக்கு டாக்டரம்மா? அதுவா போவட்டும். வலிக்கு மட்டும் ஏதாச்சும் குடு கண்ணு." மெலாக்ஸிகாம் போட்டேன், குளுக்கோஸ் ஏற்றினேன், அடியில் காய்ந்த சருகு பரப்பச் சொன்னேன். அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தபோது அந்தப் பசுவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் கேட்டது.

கல்லூரியில் எலும்பு முறிவைச் சொல்லிக்கொடுத்தார்கள். கருணைக்கொலைக்கு எந்த மருந்து, என்ன அளவு என்பதும் பாடத்தில் உண்டு. செய்ய வேண்டியது தெரிந்தும், மருந்து கையில் இருந்தும், உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லி நாம் நகர்ந்து போகிற அந்த நிமிடத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. ரத்தமும் பிணமும் நமக்குப் பழகியவை. சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் போவதுதான் உள்ளே தங்கிவிடுகிறது. பின்னால் என்னைப் பார்த்த மனநல மருத்துவரும் இதையேதான் சொன்னார். ஆகவே உடன் வருபவரோடு கிளம்பும் முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: உரிமையாளர் மறுத்தால் என்ன செய்வோம்? நாங்கள் இப்போது வைத்திருக்கும் வழக்கம் இது. வலிக்கு மருந்து கொடுப்பது, புரட்டிப் படுக்க வைக்கவும் ஈரம் படாமல் பார்க்கவும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, மறுபடி யார் எப்போது வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. கடைசியாக நோட்டில் நேரத்தோடு எழுதுவது: "கருணைக்கொலை பரிந்துரைக்கப்பட்டது. உரிமையாளர் மறுத்தார். வலி நிவாரணி கொடுக்கப்பட்டது." அந்த மூன்று வரிக்கு இவ்வளவு பலம் உண்டு என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மனசு விசாரணை ஆரம்பிக்கும்போது எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் துன்பப்படும் விலங்கை முடித்துவைக்க வழி இருப்பது உண்மைதான். ஆனால் வீடு இடிந்து நிற்கும் பாட்டியிடம் சட்டம் பேச முடியுமா?

மலையிலிருந்து இறங்கியதும் மஞ்சவாடி, அரூர் வழியாக ஊத்தங்கரைப் பக்கம் போனோம். அங்கே நிலைமையே வேறு. செத்த மாடுகளில் பலவற்றின் கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது. ராத்திரியில் திடீரென்று தண்ணீர் ஏறியதும் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். மாடு நன்றாகவே நீந்தும், கட்டிப் போட்டிருந்தால் என்ன செய்யும்? கலப்பின ஜெர்சிப் பசுக்கள் இரண்டையும் இழந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கயித்த அவுத்து விட்டிருந்தா நீந்தியிருக்கும்ல டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அந்த மனிதர் அதோடு எப்படி வாழ்வார்? கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, "இருட்டுல புள்ளைங்கள எடுத்துட்டு ஓடுனீங்க. அந்த நேரத்துல வேற யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

பின்னால் உளவியல் முதலுதவி பற்றிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேட்டின் சாரம் எளிமையானது: பார், கேள், உரிய இடத்தோடு இணைத்துவிடு. மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை, அரை நாளில் கற்றுக்கொடுக்கலாம். கால்நடைத் தன்னார்வலர்களுக்கு இது கண்டிப்பாகத் தேவை. போலீஸ்காரர், தாசில்தார் எல்லோருக்கும் முன்பு நம்மிடம்தான் அந்த வீட்டார் மனசைத் திறக்கிறார்கள், மாட்டைத் தொடுகிறவர்கள் நாம் என்பதால். "கவலைப்படாதீங்க, வேற மாடு வாங்கிக்கலாம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மூன்றாவதான இணைப்பது நமக்கும் மருந்து. இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும், அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். என்னைப் போன்ற தனியார் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு எடுபடாது. அது தெரியாமல் புதைக்கத் தயாராகிவிட்ட சில வீடுகளில் நிறுத்தி வைத்து, அந்தப் பகுதி கால்நடை உதவி மருத்துவரைப் போனில் பிடித்தோம். ஆனால் வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஆட்டுக்கு உடலே இல்லை, சான்றுக்கு எங்கே போவது? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் கிளம்புவதற்கு முன்பே மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை உதவி இயக்குநரின் எண், 1962 என்ற கால்நடை அவசர எண் எல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால், "தெரியலைங்க" என்று அத்தனை முறை சொல்லியிருக்க வேண்டாம். ஒவ்வொரு "தெரியலைங்க"வும் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை அரித்துவிடுகிறது.

நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு தப்பு. நிவாரண முகாம்களில் மிஞ்சிய சோற்றையும் நனைந்துபோன ரேஷன் அரிசியையும் பசியில் கிடந்த மாடுகளுக்கு அள்ளிப் போட்டுவிட்டார்கள். வயிற்றில் அமிலம் ஏறி மாடுகள் சுருண்டன. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நீர் ஏற்றி, காய்ந்த வைக்கோல் தேடிக் கொடுத்ததில் பல பிழைத்தன. மறுநாள் காலையில் ஒரு மாடு எழுந்து நின்று அசை போட்டதைப் பார்த்தபோது சிரித்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதிலிருந்து கற்றது: ஒரு ஆளை நாள் முழுக்கப் பிணம் அகற்றும் வேலையில் விடக்கூடாது. காலையில் புதைகுழி என்றால் மதியம் தொண்டை அடைப்பான் தடுப்பூசியோ தீவனம் கொடுப்பதோ இருக்கட்டும். ஜெயிக்கக்கூடிய வேலை தினமும் கொஞ்சமாவது கைக்கு வரவேண்டும். எங்கள் குழுவில் நான் தாங்குகிறேன் என்று தெரிந்ததால் குழி தோண்டிச் சுண்ணாம்பு போடும் இடத்துக்கெல்லாம் என்னையே அனுப்பினார்கள். தாங்குகிற ஆளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார்.

உடம்பு விஷயமும் மனசு விஷயம்தான். பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டினேன், ஈரத் துணியோடு தூங்கினேன். நாற்றம் தாங்காமல் மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவிக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது சளிக்கு விக்ஸ் தேய்த்தால் எனக்கு அந்தக் குழி ஞாபகம் வந்து குமட்டுகிறது. பழக்கமான வாசனை எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள், நல்ல முகக்கவசம் இரட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ள நீரில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள். கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது பெரிய அளவில் கொடுத்தார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே தொடங்குங்கள். டெட்டனஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இருந்தால் பாதி பயம் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கிளினிக்கைத் திறந்துவிட்டேன், வருமானம் வேண்டுமே. ஒரு சொந்தக்காரர் வந்திருந்தபோது பேச்சு வெள்ளத்தைப் பற்றிப் போனது, எனக்குக் கண் கலங்கியது. "மனுசங்களே செத்திருக்காங்க, நீ மாட்டுக்கு அழுவுறியேம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. திருவண்ணாமலையில் மண்சரிவில் ஒரு குடும்பமே புதைந்த அந்த வாரத்தில், மாட்டுக்காக வருந்த எனக்கு உரிமை இருக்கிறதா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. இப்போது தெளிவாகச் சொல்வேன், இருக்கிறது. அந்த மாடு அந்த வீட்டின் மாத வருமானம், பெண்ணின் கல்யாணச் செலவு, பேரனின் கல்லூரிக் கட்டணம். மாட்டுக்காக அழுதேன் என்றால் அந்த வீட்டுக்காகவும்தான்.

பொங்கல் வாக்கில் தூக்கம் சுத்தமாகப் போனது. வாசலில் மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். உதவியாளர் பையனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஒருநாள் வயதான லாப்ரடார் ஒன்றைக் கருணைக்கொலைக்காகக் கொண்டுவந்தார்கள், வருடக்கணக்காக நான் பார்த்துவந்த நாய். ஊசியை எடுத்த கை நடுங்கியது. வேறு டாக்டருக்கு அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். அதன் பிறகு திறப்பதும் மூடுவதுமாகவே பல வாரங்கள் போயின.

இதற்கிடையே அந்தக் குழு எங்களை ஒருநாள் கூப்பிட்டு வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் பார்த்ததிலேயே மோசமான காட்சியைச் சொல்லுங்கள் என்றது. மனப்பாரம் இறங்குமாம். மற்றவர்களின் காட்சிகளும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம், அந்த வாரம் எனக்குப் படுமோசம். இப்படி எல்லோரையும் கட்டாயமாக ஒரே அமர்வில் பேச வைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவருக்கு டீ கொடுத்து அனுப்புங்கள்.

போன் இன்னொரு வில்லன். செத்த கால்நடைகளின் படங்களை ஆதாரத்துக்காகக் குழுவில் பகிர்ந்தோம். அத்தனையும் என் கேலரியில் தானாக இறங்கியிருந்தன. அக்கா மகளின் பிறந்தநாள் படத்தைத் தேடினால் நடுவில் உப்பிய வயிறு. அடுத்த டிசம்பரில் போன் தானாகவே பின்னணி இசையோடு "இதே நாளில் போன வருடம்" என்று காட்டியது! தானிறக்கத்தை நிறுத்துங்கள், ஆதாரப் படங்களை ஒரே ஒருவரின் போனில் வையுங்கள், நினைவூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கடைசியில் 14416க்குப் போன் செய்தேன். டெலிமனஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண்ணிடம் "நான் மாட்டு டாக்டர்" என்று சொன்னதும் சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அவர் சொல்லித்தான் மனநல மருத்துவரிடம் போனேன். முதல் சில வாரம் தூக்கம் கெடுவது, காட்சிகள் வந்து போவது, திடுக்கிடுவது எல்லாம் நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் தானே அடங்கும் என்றார். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால் காத்திருக்கக் கூடாது. அந்த ஒரு மாதக் கணக்கு எனக்கு ஜனவரியிலேயே தெரிந்திருந்தால் கோடையின் பாதி வருமானம் மிஞ்சியிருக்கும். அவர் கேட்ட இன்னொரு கேள்வி, மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் வந்திருக்கிறது, ஆபத்தான மருந்துகள் கையெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம். எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. ஆனாலும் சாவியை நம்பிக்கையான தோழியிடம் கொடுத்துவைத்தேன், தேவைப்படும்போது அவள் வந்து திறப்பாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது சேலத்தில் நாங்கள் சில டாக்டர்கள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். ஒருவர் பேரிடர்ப் பணிக்குப் போனால் இன்னொருவர் அவருடைய கிளினிக்கைப் பாதி நேரமாவது திறந்து பார்ப்பார், வருமானம் போனவருக்கே. தனியாகப் போவதில்லை, ஜோடியாகத்தான். திரும்பும் தேதியை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது, அந்தத் தேதியை நீட்டிக்கும் அதிகாரம் களத்தில் நிற்பவருக்குக் கிடையாது, ஊரில் இருப்பவருக்குத்தான். வந்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று போன் செய்வோம். "எப்படி இருக்கே" என்று கேட்பதில்லை, கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், இன்றைக்கு எந்த மாட்டைப் பார்த்தாய் என்று கேட்போம். குரலிலேயே தெரிந்துவிடும்.

தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் தடவை போகும்போது தடுப்பூசிக் குழுவிலோ தீவனக் குழுவிலோ சேருங்கள். பிணம் அகற்றும் வேலையை அனுபவசாலியோடு பிறகு பார்க்கலாம். கூப்பிடுகிற ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்: துறை அதிகாரியிடம் சொல்லியாயிற்றா, என் ஜோடி யார், எங்கே தூங்குவேன், எந்தத் தேதி திரும்புவேன், திரும்பிய பிறகு யார் போன் செய்வார்கள்? பதில் வரவில்லையென்றால் அந்தக் குழுவோடு போக வேண்டாம். உள்ளூரிலேயே வைக்கோல் திரட்டி லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை இருக்கும், அதற்கு எப்போதுமே ஆள் பற்றாக்குறைதான்.